சத்தியக் காசின் முலாம்

கல்லில் இழுத்த கோடு ஈரமாக இருந்தது.

லோகாம்பாள் அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். காய்ந்த உரைகல், காய்ந்த காசு. கையைக்கூட முந்தானையில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். பொன்னைக் கல்லில் இழுத்தால் கோடு பொடியாக விழும், பலமாக ஊதினால் ஓரத்தில் இரண்டு துகள் பறக்கும். இது பறக்கவில்லை. நத்தை ஊர்ந்த தடம் மாதிரி பளபளத்துக்கொண்டு கல்லோடு ஒட்டிக் கிடந்தது. எண்ணெய்க் கையால் தொட்டிருப்பார், அந்தப் பெரிய மனுஷனுக்குக் கை கழுவ எங்கே நேரம் என்று முணுமுணுத்தபடி கல்லைச் சீயக்காய் போட்டுக் கழுவி, அடுப்பு மேட்டில் வைத்துச் சூடு காட்டி, காசையும் துணியில் அழுத்தித் துடைத்து மறுபடி இழுத்தாள். மறுபடியும் ஈரம்தான்.

பெரிய மனுஷன் என்றால் கோதண்டபாணி, அவள் புருஷனுக்கு அண்ணன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வாய் நிறைய மாமா என்று கூப்பிட்டவள், பதினைந்து நாளாக அந்தப் பெயரை நினைத்தாலே பல்லைக் கடித்தாள். பதினைந்து நாள் முன்னால்தான் புருஷன் ராஜவேலு செத்தான். நாளைக் காலை கருமாதி.

இந்தக் காசு செலவுக்கு ஆகிற காசு இல்லை. எட்டணா அகலம், அதைவிட மூன்று மடங்கு தடிமன், இரண்டு பக்கமும் தேய்ந்து ராஜா தலையா சாமி தலையா என்று தெரியாது. வம்சத்துக்கே பொதுவாக, மூத்தவன் வீட்டுப் பூஜை அறையில், மஞ்சள் துணியில் முடிந்து அம்மன் படத்துக்குக் கீழே வைத்திருப்பார்கள். பங்காளிகளுக்குள் ஒருவன் மேல் பழி வந்தால், பழி சுமந்தவன் இதை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு, நான் செய்யவில்லை என்று மூன்று தரம் சொல்ல வேண்டும். பொய் சொன்னால் எட்டு நாளில் அம்மன் எடுத்துக்கொள்வாள். அதனால் அதற்குச் சத்தியக் காசு என்று பெயர். ஆசாரி தொட்டால் தீட்டு என்று அதுவரை யாரும் அதை உரைத்துப் பார்த்ததே இல்லை. சொக்கத் தங்கம் என்று பாட்டன் காலத்தில் யாரோ சொன்னதை எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஆடியில் காசில் அழுக்கு ஏறியிருக்கிறது என்று கோதண்டபாணியேதான் அதைத் தம்பியிடம் கொடுத்தார். ராஜவேலு தறி நெய்கிறவன் இல்லை. ஜவுளிக் கடைக்கு வரும் ஜரிகையைச் சோதித்துச் சொல்வது அவன் வேலை. சுரண்டிப் பார்ப்பான், கல்லில் உரைப்பான், திராவகம் விடுவான், ஒரு இழையை விளக்கில் காட்டி மோந்து பார்த்து, உள்ளே இருப்பது பட்டா வெறும் பருத்தி நூலா என்று சொல்லிவிடுவான். புளி போட்டுத் தேய்த்துக் காசைத் திருப்பிக் கொடுத்தான். மறுநாளே கோதண்டபாணி வந்து நின்று, இது அந்தக் காசே இல்லை, கனம் குறைகிறது, நிறம் மாறியிருக்கிறது, நீ பொன்னை எடுத்துக்கொண்டு முலாம் பூசிய போலியைக் கொடுத்துவிட்டாய் என்றார். தெருவே கேட்கச் சொன்னார். ராஜவேலு அந்தக் காசையே வாங்கி நாக்குக்கு அடியில் வைத்துச் சத்தியம் செய்தான்.

அது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை சோறெல்லாம் செம்பை நக்குகிற மாதிரி இருக்கிறது என்றான். ஞாயிற்றுக்கிழமை பேச்சு நின்றது. தாடை பூட்டிக்கொண்டது. டாக்டர் ரண ஜன்னி என்றார், ஊசி போட்டார். செவ்வாய்க்கிழமை முடிந்துபோனான். வாய்க்கரிசி போடக்கூட வாய் திறக்கவில்லை. போட்ட அரிசியெல்லாம் கன்னத்தில் வழிந்து காதோரம் நின்றது. அதைக் காட்டி, பார்த்தீர்களா என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார் அந்த மனுஷன், கூடப் பிறந்த தம்பி பிணத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. போலிக் காசு என் வீட்டில் இருக்கக் கூடாது என்று அதை மஞ்சள் துணியோடு அவள் மடியில் எறிந்துவிட்டும் போனார்.

மகள் கமலாட்சிக்கு வாலாஜாபாத்தில் பேசி முடித்த இடம் சொல்லி அனுப்பிவிட்டது: நாளை கருமாதிக்கு வருகிறோம், உங்கள் பங்காளிகள் வாயால் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டு மேற்கொண்டு பேசுவோம். அதாவது நாளைக் காலை ராஜவேலு திருடன் என்று ஆகிவிட்டால், கமலாட்சி ஆயுசுக்கும் திருடன் மகள்.

அதற்குள் லோகாம்பாளுக்குத் தெரிந்தாக வேண்டியது ஒன்றே ஒன்று. காசின் மேல் இருப்பது என்ன, அது எப்போது பூசியது. கருமாதி முடியாமல் வாசப்படி தாண்டக் கூடாது என்பதால் ஆசாரியிடம் போக வழியில்லை. அதனால் என்ன, இருபது வருஷம் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள்தானே. மத்தியான வெயிலில் கதவைச் சாத்திக்கொண்டு, கூடத்துக் கண்ணாடி ஓட்டு வழியாக விழும் வெளிச்சத்தில் அவன் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் பரப்பியிருந்தாள். தெருவெல்லாம் தறிச் சத்தம். இந்த வீட்டுக்குள் மட்டும் அமைதி ஒரு வாசனையோடு கனத்துக் கிடந்தது, அடைத்துவைத்த பாத்திரத்தைத் திறந்தால் வருகிற வாசனை.

ஈரக் கோட்டின் மேல் ஒரு சொட்டுத் திராவகம் விட்டாள். பித்தளை என்றால் பச்சையாக நுரைத்துக் கோடே காணாமல் போகும். வெள்ளி என்றால் வெளுக்கும். கோடு அப்படியே இருந்தது. மாற்று தெரிந்த பொன்முனை ஊசிகளைப் பக்கத்தில் இழுத்து ஒத்துப் பார்த்தாள். பெட்டியிலிருந்த உயர்ந்த ஊசியையும்விட இதன் மஞ்சள் அடர்த்தி. பொன்தான், பொன்னுக்கு மேலே ஏதோ ஒன்று. நெஞ்சில் ஒரு சந்தோஷம் எழுந்து, சின்னத் தராசில் காசை வைத்ததும் அடங்கியது. கனமே இல்லை. பொன்னின் கனம் இல்லை, வெள்ளியின் கனம் இல்லை, அதே அளவுச் செம்புக்குக்கூட இது காணாது.

அப்படியானால் முலாம்தான். அந்த ஆள் சொன்னது பாதி சரி. அது அவளுக்கு இன்னும் ஆத்திரமூட்டியது.

முலாமாகவே இருக்கட்டும். புது முலாமா பழைய முலாமா? போன மாதம் பூசியது என்றால் ஒரே படலம், உள்ளே வேறு உலோகம். நூறு வருஷத்துப் பூச்சு என்றால் அடுக்கு அடுக்காகத் தெரியும், அடுக்குகளுக்கு நடுவே கருப்பேறியிருக்கும். விளிம்பில் அரத்தால் ஒரு வெட்டு போட்டு, இழை எண்ணுகிற பூதக் கண்ணாடியில் பார்த்தால் தெரிந்துவிடும். அடுக்கு இருந்தால் ராஜவேலு திருடன் இல்லை.

காசைக் கால் கட்டைவிரல் இடுக்கில் கவ்விக்கொண்டு அரத்தை வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள்.

"ம்" என்றது வீட்டுக்குள் ஏதோ.

நிறுத்திக் கேட்டாள். தறிச் சத்தம்தான். இன்னொரு இழுப்பு. மறுபடி அதே சத்தம், வாயை மூடிக்கொண்டு வலி பொறுக்கிறவர்களின் சத்தம், சமையற்கட்டுப் பக்கமிருந்து வந்த மாதிரி இருந்தது. கமலாட்சி, வேறு யார். பதினைந்து நாளாக மூலைக்கு மூலை நின்று அழுதுகொண்டிருக்கிறது. அழுகிற நேரமா இது?

"அழாதடி," என்று திரும்பாமலே கத்தினாள். "அழுதா திருடன் பொண்ணுன்னு அவங்களே எழுதி ஒட்டிடுவாங்க. உங்கப்பன் எதுக்கும் பயப்படாம காசை வாயில வச்சான். அவன் ரத்தம் உன் ஒடம்புல ஓடுதா இல்லியா?"

வாசற்கதவு திறந்தது. இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு கமலாட்சி நின்றாள். தெருக்குழாயில் ஒரு மணி நேரம் நின்ற முகம், வெயிலில் கருத்திருந்தது. அம்மா கத்தியது முழுதும் கேட்டிருக்கிறது. குடத்தை இறக்கிவைத்தாள்.

லோகாம்பாள் சமையற்கட்டை எட்டிப் பார்த்தாள். அங்கே ஒருவரும் இல்லை. ஆனால் ஆத்திரத்துக்கு நடுவில் பயத்துக்கு இடம் கொடுக்க அவளால் முடியவில்லை. போய் உன் பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு வா, சாட்சிக்குக் கலியன் சித்தப்பாவையும் வரச்சொல், காசு எப்படிப்பட்டதென்று நான் கண்ணுக்கு நேரே காட்டுகிறேன் என்று சொல் என்றாள். கமலாட்சி செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கினாள். போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

கதவு சாத்தியதும் அரத்தை எடுத்தாள். நாலு இழுப்பு. நாலு தரமும் அந்தச் சத்தம், ஒவ்வொரு தரமும் இன்னும் கிட்டத்தில். நிறுத்தினால் அதுவும் நின்றது. ஐந்தாவது இழுப்பில் விளிம்பு பிளந்து ஒரு நெல் ஆழத்துக்கு வெட்டு விழுந்தது. பூதக் கண்ணாடியை வைத்துக் குனிந்தாள்.

அடுக்கு இருந்தது. மஞ்சள், கருப்பு, மஞ்சள், கருப்பு. ஒன்பது எண்ணினாள். அதற்கும் கீழே போய்க்கொண்டே இருந்தது. அடியில் வேறு உலோகம் எதுவும் தென்படவில்லை. முலாமின் மேல் முலாம், அதன் மேல் முலாம். பாவி, பாவி, என் புருஷன் பூசியது இல்லை, இது எத்தனை தலைமுறைப் பூச்சு பார் என்று வாய்விட்டுச் சொன்னாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. பதினைந்து நாளில் அழுதது அப்போதுதான்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் ராஜவேலு எதையும் எரித்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொன்னதில்லை. அவளும் அரத்தூளை நகக்கண்ணால் வழித்து விளக்குச் சுடரில் போட்டாள்.

தூள் சுருண்டது. உலோகம் சுருளாது. முடி பொசுங்குகிற நாற்றம் எழுந்தது, பட்டு எரிந்தால் வருமே அந்த நாற்றம், ஆனால் பட்டுக்கு இத்தனை கொழுப்பு கிடையாது. அதற்குப் பின்னாலேயே இன்னொரு வாசனை வந்தது. கிராம்பு. கிராம்போடு பன்னீர்ப் புகையிலை. இருபது வருஷம் ராத்திரி பக்கத்தில் படுத்தவன் வாயிலிருந்து வந்த வாசனை, அவன் மூச்சு முகத்தில் பட்டால் எப்படி இருக்குமோ அந்த வெதுவெதுப்போடு வந்தது.

லோகாம்பாள், தன் கையே தன் பேச்சைக் கேட்காத மாதிரி, ஊசி முனையால் வெட்டுக்குள் இரண்டாவது அடுக்கைச் சுரண்டிச் சுடரில் காட்டினாள்.

பெருங்காயம்.

பல்வலிக்குப் பெருங்காயத்தை வாயிலேயே அடக்கிக்கொண்டு திரிந்தவள் ஜெயம்மாள். கோதண்டபாணியின் சித்தி. கடைப் பட்டைத் திருடினாள் என்று பழி சுமத்தி இந்தக் காசை வாயில் வைக்கச் சொன்னார்கள். ஆறாம் நாள் செத்தாள். லோகாம்பாள் அப்போது கைப்பிள்ளைக்காரி. அடுத்த பொங்கலுக்கு வீடு ஒழித்தபோது அந்தப் பட்டு பரண் மேல் எலி கடித்துக் கிடந்தது. அவளுக்கு முன்னால் இதே மாதிரி செத்தவன் பங்காளி அப்பாதுரை, முசரவாக்கம் நிலத்தில் எல்லைக் கல்லை நகர்த்தினான் என்று. சர்வே வந்து அளந்தபோது கல் வைத்த இடத்திலேயே இருந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஒருத்தரும் சொல்லவில்லை. பட்டு கிடைத்த பிறகும், கல் சரியாக இருந்த பிறகும், வேறு ஏதாவது பொய் சொல்லியிருப்பார்கள், இல்லாவிட்டால் அம்மன் எடுப்பாளா என்றுதான் இந்த வம்சம் சொல்லிக்கொண்டு திரிந்தது.

திருடியவன் எவனாவது இதை வாயில் வைப்பானா? கையெடுத்துக் கும்பிட்டுக் காலில் விழுந்து ஒத்துக்கொண்டு போய்விடுவான். பயமில்லாதவன்தான் வைப்பான். மடியில் கனமில்லாதவன். எண்ணிய ஒன்பது அடுக்கும் நல்லவர்கள். ஒன்பது பேரின் நாக்கு.

வந்தது பயமா கோபமா என்று பிரிக்க முடியவில்லை. தூக்கிக் கிணற்றில் போட வேண்டும், இப்போதே. ஆனால் போட்டுவிட்டால் எதைக் காட்டுவது? அந்த ஆள் வரட்டும். இந்தக் கண்ணாடியைக் கண்ணில் வைத்து அழுத்தி, பார் உன் அம்மனை, உன் தம்பி மேல்தட்டில் இருக்கிறான் பார் என்று காட்டாமல் விடுவதில்லை. அதற்குப் பிறகு கிணறு.

"ம்" என்றது காசு.

இப்போது அரம் கையில் இல்லை. யாரும் தொடவில்லை. பலகை மேல் வெட்டு மேலாகக் கிடந்தது. வெட்டு ஈரமாக இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஈரம் திரண்டு விளிம்பில் வழிந்தது. எச்சில். வெட்டின் இரண்டு ஓரமும் மெல்ல, மிக மெல்ல, ஒன்றையொன்று நெருங்கின.

மஞ்சள் துணியை அதன் மேல் போட்டுச் சுருட்டி முடிந்தாள். மூன்று முடிச்சு. கூடத்து அம்மன் படத்துக்குக் கீழே எறிந்தாள். கை முழுதும் கிராம்பு வாசனை. கொல்லைப்புறம் ஓடினாள்.

கிணற்றடியில் சாம்பலை அள்ளி அள்ளித் தேய்த்தாள். போகவில்லை. சீயக்காய். போகவில்லை. சிவந்து எரியும்வரை தேய்த்தாள். வாளி கிணற்றுச் சுவரில் இடித்துக்கொண்டு இறங்கியது, ஏறியது. அந்தச் சத்தத்தில் வாசற்கதவு திறந்தது அவளுக்குக் கேட்கவில்லை. கோதண்டபாணியின் குரல் உயர்ந்தபோதுதான் கேட்டது. எங்கே உங்கம்மா, என்ன காட்டப்போகிறாளாம், கல்லில் உரைத்தால் திருட்டு இல்லையென்று ஆகிவிடுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, மற்றவர்களுக்கும் கேட்க வேண்டும் என்கிற நிதானத்தோடு சொன்னார்.

"உங்கப்பன் நெஜம் சொல்லியிருந்தா உசுரோட இருந்திருப்பான்மா. அம்மனே சொல்லிட்டா, நான் இன்னா சொல்றது?"

கமலாட்சி சொன்ன பதில் கேட்கவில்லை. துணி கிழிகிற சத்தம் கேட்டது. முடிச்சை அவிழ்க்கப் பொறுமையில்லாத கை.

லோகாம்பாள் ஓடினாள். ஈரக் கால். சமையற்கட்டுப் படியில் வழுக்கி முழங்கால் இடித்தது. எழுந்தாள். வேண்டாம் என்று கத்தினாள், கத்தியதாக நினைத்தாள். தொண்டையில் காற்றுதான் வந்தது.

கூடத்தில் கோதண்டபாணி கை கட்டி நின்றார். வாசற்படியில் கலியன், மடக்கிய குடையோடு. அம்மன் படத்துக்கு எதிரே கமலாட்சி நிமிர்ந்து நின்றாள், அம்மா சொன்ன மாதிரியே, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல். காலடியில் மஞ்சள் துணி கிழிந்து கிடந்தது. நாக்குக்கு அடியில் கனத்தோடு, தடித்த குரலில் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பா திருடல."

அது மூன்றாவது தரம்.

"துப்புடி," என்றாள் லோகாம்பாள். மகளின் தாடையைப் பிடித்தாள். "கமலா, துப்பு. துப்பிடு கண்ணு."

கமலாட்சி உள்ளங்கையை ஏந்திக் குனிந்தாள். ஒன்றும் விழவில்லை. இன்னொரு தரம் முயன்றாள். எச்சில் மட்டும் நீளமாக இறங்கியது. நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தபோது, அந்த முகத்தில் அதுவரை இருந்த வீம்பு போய், சின்னப் பிள்ளையாக இருந்தபோது காய்ச்சலில் பார்ப்பாளே அந்தப் பார்வை வந்திருந்தது.

லோகாம்பாள் இரண்டு விரலை உள்ளே விட்டாள். நாக்குக்கு அடியில் தேடினாள். இல்லை. கன்னத்துக்குள் இல்லை. பல்லிடுக்கில் இல்லை. காசே இல்லை. விரல் மேலே வந்து நாக்கைத் தொட்டது. சொரசொரப்பு இல்லை. வழவழவென்று, குளிர்ந்து. கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்துக்கொண்டு.

வெடுக்கென்று கையை எடுத்தாள்.

கோதண்டபாணி பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். சாட்சிக்காரரின் நிதானம் குறையாமல் வாசற்பக்கம் திரும்பிச் சொன்னார்.

"பாத்தியா கலியா. இதுவும் பொய் சொல்லியிருக்குது."

கமலாட்சி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். கண்ணாடி ஓட்டு வெயில் நேராக உள்ளே விழுந்தது. அடியிலிருந்து நுனிவரை மஞ்சள். அது மெல்ல, பாரம் தூக்குகிற மாதிரி மெல்ல எழுந்தது, அம்மா என்று சொல்லப் பார்த்தது, முடியாமல் சரிந்து கீழ்ப் பல்வரிசையில் விழுந்தது.

கணீரென்றது.